முறைக்காய்ச்சல்

சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணி நாற்பது நிமிடம். கூடத்துச் சுவர்க் கடிகாரத்துக்கு பேட்டரி மாற்றி, கைபேசியைப் பார்த்து முள்ளைச் சரியாக நிறுத்திக்கொண்டிருந்தேன். அதனால் நேரம் தெரியும். பின்னாலிருந்து மகள் சொன்னாள்: "அப்பா, ஃபேன நிறுத்துங்க. குளிருது."

வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. ஜூலை மாதத்துத் தென்காசியில் குளிருது என்று யாராவது சொன்னால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை. மின்விசிறியை நிறுத்திவிட்டுத் திரும்பியபோதுதான் அவள் பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. இரண்டு போர்வை போட்டோம். ஒரு மணி நேரத்தில் உடம்பு கொதித்தது. மாலையில் தலையணை நனையும்படி வியர்த்து, காய்ச்சல் இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை எழுந்து தோசை கேட்டாள்.

"அருவித் தண்ணி ஒத்துக்கல" என்றாள் என் மனைவி. முந்தின வாரம்தான் மகள் சித்தி பிள்ளைகளோடு ஐந்தருவியில் குளித்திருந்தாள். சீசன் காய்ச்சல் என்று நாங்களே பெயர் வைத்துவிட்டோம்.

அருவிக்குப் போவதற்கு முன்பு அவள் எங்கே இருந்தாள் என்பது எங்கள் மூன்று பேருக்கு மட்டுமே தெரியும்.

என் மகள் சரித்திரத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். வெள்ளைக்காரர் ஆட்சியில் மலேரியா எப்படிப் பரவியது, சர்க்கார் அதற்கு என்ன செய்தது என்பது அவள் பொருள். நான் அறிவியல் ஆசிரியர். அவள் முதலில் இதைச் சொன்னபோது, "காய்ச்சலுக்கு என்னம்மா சரித்திரம்? கொசு கடிச்சா வரும்" என்றேன்.

"கொசு எங்கன இருந்துப்பா வந்துச்சு? ரயில் ரோடு போட மண்ணு தோண்டினான். தோண்டின பள்ளத்த மூடல. அதுல தண்ணி நின்னுச்சு."

"ஆஸ்பத்திரியும் அவன்தானம்மா கட்டினான்."

"கட்டினான். ஆபீசர் வீட்டு ஜன்னலுக்குக் கம்பி வலையும் அடிச்சான். மண்ணு சுமந்தவனுக்குத் தபாலாபீசுல கொயினா மருந்துப் பொட்டலம். அதையும் காசு கொடுத்து வாங்கணும்."

வாதத்தில் தோற்றுவிட்டு, மறுநாள் பள்ளியில் சக ஆசிரியர்களிடம் அதையே என் சொந்தக் கருத்துபோலச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒடிசாவின் காட்டுப் பகுதியில், அந்தக் காலத்தில் ரயில் பாதை போட்ட ஊர்களில் மூன்று வாரம் தங்கி, அங்குள்ளவர்களிடம் பேசி எழுத வேண்டும் என்றாள். தனியாக. நான் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தேன். சொந்தக்காரர் யாருக்கும் தெரியக் கூடாது. கேட்டால் சென்னை விடுதியில் இருக்கிறாள் என்றுதான் சொல்வோம். அப்போது குற்றாலத்திலிருந்து ஒரு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். கல்யாணமாகாத பெண் தனியாகக் காட்டில் தங்கினாள் என்று அவர்கள் காதில் விழ வேண்டாம் என்பது என் கவலை. அவள் என்னையே பார்த்துவிட்டு, "சரிப்பா, உங்களுக்காக" என்றாள். திரும்பி வந்தபோது கறுத்து, இளைத்து, இரண்டு நோட்டுகள் நிறைய எழுதிக்கொண்டு வந்திருந்தாள்.

திங்கட்கிழமை பிற்பகல் மறுபடி குளிர். இந்தத் தடவை வாந்தியும் வந்தது. சாயந்திரம் பக்கத்துத் தெரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். பெஞ்சு முழுக்கக் காய்ச்சல்காரர்கள். டாக்டர் நிதானமானவர். நாக்கைப் பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார், பிறகு கேட்டார்:

"சமீபத்துல வெளியூர் எங்கயும் போயிருந்தாங்களா?"

சீட்டு எழுதிக்கொண்டிருந்த நர்ஸம்மா தலையைத் தூக்கினார். அவர் அந்தக் குற்றாலத்துப் பையனின் அத்தை. வருகிற ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறவர்களில் அவரும் ஒருவர்.

மகளின் வாயில் தெர்மாமீட்டர் இருந்தது. அவளுக்கு முந்திக்கொண்டு நான் சொன்னேன்: "இல்ல டாக்டர். மெட்ராஸ் ஹாஸ்டல்ல இருந்து நேரா வீட்டுக்குத்தான் வந்தா. ஐந்தருவில குளிச்சா, அவ்வளவுதான்."

மகள் என்னைப் பார்த்தாள். தெர்மாமீட்டரை எடுத்த பிறகும் அவள் பேசவில்லை. எனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினாள். டெங்குவுக்கும் தட்டணுவுக்கும் ரத்தம் எடுத்தார்கள். தட்டணு குறைந்திருந்தது, டெங்கு இல்லை. வைரஸ் காய்ச்சலாக இருக்கும், இரண்டு நாள் கழித்து மறுபடி பார்ப்போம் என்றார் டாக்டர். நான் சொன்னதை வைத்து அவரால் அதற்கு மேல் போயிருக்க முடியாது.

செவ்வாய்க்கிழமை நன்றாகத்தான் இருந்தாள். கஞ்சி குடித்தாள். நான் பள்ளிக்குப் போய் வந்தேன்.

புதன்கிழமை விடுப்பு எடுத்திருந்தேன். மதியம் அவள் படுக்கையருகில் சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் மேசையில் கிடந்த அவளுடைய பழைய நோட்டு ஒன்றைப் புரட்டினேன். சென்னையில் பழைய பதிவேடுகளைப் பார்த்து எடுத்த குறிப்புகள். கிராம முன்சீப்புகள் எழுதிய இறப்புக் கணக்கிலிருந்து பக்கம் பக்கமாக நகல் எடுத்திருந்தாள். ஆண், வயது முப்பது, காரணம்: காய்ச்சல். பெண், வயது பதினெட்டு, காய்ச்சல். குழந்தை, காய்ச்சல். ஒரு பக்கம் முழுக்க அந்த ஒரே சொல்தான். ஓரத்தில் பென்சிலால் தன் குறிப்பை எழுதியிருந்தாள்: என்ன காய்ச்சல் என்று முன்சீப்புக்குத் தெரியாது. வீட்டார் சொன்னதை எழுதினார். எங்கே வேலைக்குப் போய் வந்தார்கள் என்பதற்குக் கட்டமே இல்லை.

அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே கட்டில் ஆடத் தொடங்கியது. நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தேன். மணி இரண்டே முக்கால்.

சனி, திங்கள், புதன். ஒன்றுவிட்டு ஒரு நாள், கிட்டத்தட்ட அதே நேரம். குளிர், பிறகு கொதிப்பு, பிறகு வியர்வை. எங்கள் பக்கத்தில் முறைக்காய்ச்சல் என்று சொல்வார்கள். இருபத்திரண்டு வருடமாக மலேரியா ஒட்டுண்ணியின் வாழ்க்கைச் சுழற்சியைக் கரும்பலகையில் மூன்று நிறச் சுண்ணக்கட்டியால் வரைந்து, நாற்பத்தெட்டு மணி நேரம் என்று அடிக்கோடு போடச் சொன்னவன் நான்.

மனைவியிடம் சொன்னேன். அவள் போர்வையை இழுத்துவிட்டபடியே, "ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் படம் வரஞ்சு காட்டுதீங்க. நம்ம பிள்ளைக்குப் பாக்கத் தெரியல" என்றாள். குரலை உயர்த்தவில்லை. மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். கண் திறந்திருந்தது, பதில் இல்லை. வெள்ளை விழி மஞ்சளாகியிருந்தது.

ஆட்டோவில் அதே கிளினிக்குக்குப் போனோம். அதுதான் பக்கம். நர்ஸம்மா வாசலிலேயே நின்றார். அவர் முன்னால்தான் பொய் சொன்னேன். உண்மையையும் அவர் முன்னால்தான் சொல்ல வேண்டியிருந்தது. பெஞ்சில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள்.

"டாக்டர், நான் அன்னைக்குப் பொய் சொல்லிட்டேன். பிள்ள ஒடிசாவுல காட்டுக்குள்ள மூணு வாரம் தனியா இருந்துட்டு வந்திருக்கா. மலேரியா இருக்கான்னு பாருங்க."

டாக்டர் எழுந்தேவிட்டார். "இந்த ஒரு வார்த்தைய திங்கக்கிழமையே சொல்லியிருக்கலாமே சார்" என்றார். அவள் கண்ணைப் பார்த்ததும் கடிதம் எழுதி உடனே அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார். ஆட்டோவில் ஏற்றும்போது என் மகளின் காலைத் தாங்கிப் பிடித்தது அந்த நர்ஸம்மாதான். சேலை முந்தானையில் வாந்தி பட்டதை அவர் துடைக்கக்கூட இல்லை.

அரசு மருத்துவமனையில் விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்து, கண்ணாடித் தகட்டில் தடவினார்கள். ஆய்வகத்தில் இருந்த பெண்மணி நெடுநேரம் நுண்ணோக்கியில் குனிந்திருந்தார். நான் அறிவியல் ஆசிரியர் என்று தெரிந்ததும், "வாங்க சார், பாருங்க. ரெண்டு வகை மலேரியாவும் இருக்கு" என்று நகர்ந்துகொண்டார். சிவப்பணுக்களுக்குள் சின்னச் சின்ன மோதிரங்கள். நான் பலகையில் வரைவதைவிட மிகவும் மெல்லியவை. என்னால் நாலு விநாடிக்கு மேல் பார்க்க முடியவில்லை.

ஊசிமருந்து ஏற்றினார்கள். வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டரை மணியிலிருந்து நானும் மனைவியும் அவள் கையை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மூன்றானது. மூன்றரையானது. குளிர் வரவில்லை.

"ரெண்டு பேரும் என்ன, பஸ்ஸுக்கா காத்திருக்கீங்க?" என்றாள் மகள்.

அன்று மாலையே எந்தத் தேதியில் எந்த ஊரில் தங்கினாள், எங்கே கொசுவலை கிழிந்தது என்பதையெல்லாம் வார்டு டாக்டரிடம் படுத்தபடியே ஒப்பித்தாள். டாக்டர் இளம்பெண். "எப்படிம்மா இவ்வளவு ஞாபகம்?" என்று கேட்டார். "மேடம், நான் நூறு வருஷத்துக்கு முந்தின ஆளுங்க விட்டுட்டுப் போன கட்டத்த நெரப்புதவ. என்னோடத நானே விட்டா எப்படி?" என்றாள். பக்கத்துக் கட்டிலில் இருந்தவரிடம், "எம் பிள்ளதான்" என்றேன். அது அவருக்கு ஏற்கெனவே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்திலிருந்து யாரும் வரவில்லை. இன்னொரு நாள் பார்ப்போம் என்று போனில் சொன்னார்கள். எனக்கு வருத்தம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதைவிடப் பெரிய பயம் வேறு இருந்தது. காய்ச்சலோடு அவள் வீட்டில் கிடந்த நாட்களில் எங்கள் தெருக் கொசு அவளைக் கடித்திருந்தால்? சுகாதாரத் துறையிலிருந்து வந்து பார்ப்பார்கள் என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். சீசன் நேரம், ஆள் பற்றாக்குறை. அவளை வீட்டுக்குக் கூட்டிவந்ததிலிருந்து ஐந்து நாள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். தொட்டிகளை மூடினேன், பக்கத்து வீட்டுத் தொட்டியையும் போய் மூடினேன். இப்போதும் இரண்டே முக்கால் ஆனால் பாடத்தின் நடுவே என் கண் கடிகாரத்துக்குப் போய்விடுகிறது.

ஆறாம் நாள் காலை பத்து மணிக்கு, மழைக்கோட்டில் சாரல் சொட்டச் சொட்ட, சுகாதார ஆய்வாளர் ஒருவர் தகட்டுப் பெட்டியோடு வந்தார். எங்கள் மூவரிடமும் அக்கம்பக்கத்து வீடுகளிலும் ரத்தம் தடவி எடுத்தார். எதிர்வீட்டு அண்ணாச்சி விரலைப் பஞ்சால் அமுக்கியபடி எங்கள் வாசலில் நின்றார். அவருக்குப் பின்னால் இன்னும் நான்கு பேர். ஆய்வாளர் படிவத்தை எடுத்து, "நோய் வர்றதுக்கு முன்னால எங்க போயிருந்தாங்க?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறக்கவில்லை. மகள் நோட்டோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். முதல் ஊரின் பெயரைச் சொன்னாள். தேதி, தங்கிய வீடு, அது பாதையிலிருந்து எவ்வளவு தூரம், பள்ளத்தில் தண்ணீர் நின்றதா என்று அடுக்கிக்கொண்டே போனாள். தெரு முழுக்கக் கேட்டது. நான் கதவைச் சாத்தவில்லை.

ஆய்வாளர் இரண்டு வரி எழுதிவிட்டுப் பேனாவை நிறுத்தினார். படிவத்தைத் திருப்பித் தொடைமேல் வைத்துக்கொண்டார்.

"கொஞ்சம் மெதுவா சொல்லுங்கம்மா. இதுல கட்டம் சின்னதாக் கெடக்கு. பின்பக்கம் எழுதிக்கிடுதேன்."