ழியானிலிருந்து ஒரு பிடி உப்பு

மத்தியதரைக் கடலோரம் இருக்கும் ழியான் தீபகற்பத்துக்குப் போகிறேன் என்றதும், பாரிஸின் ரூ காய் தெருவில் மளிகைக்கடை வைத்திருக்கும் அண்ணை ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அங்கை உப்பளம் இருக்காம். ஒரு பிடி அள்ளிக்கொண்டு வா."

இளமையில் ஆனையிறவு உப்பளத்தில் வேலை பார்த்தவர். நாக்கில் வைத்தாலே எந்த ஊர் உப்பென்று சொல்லிவிடுவாராம்.

போனேன். இரண்டு மணல் திட்டுகள் கைகளைப் போல நீண்டு, ஒரு பாறைத் தீவைக் கரையோடு பிடித்து வைத்திருக்கின்றன. பண்டைக் கிரேக்கர் கப்பல்களை நங்கூரமிட்டு நின்ற கடலில் இப்போது பாய் கட்டிய பலகைகளில் ஏறியவர்கள் காற்றோடு மல்லுக்கட்டுகிறார்கள். சிறு படகுகளில் இன்னும் மீன் வருகிறது. நடுவில் உப்பளம். ஆனால் உப்பு எடுப்பதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். பாத்திகளில் பூநாரைகள்தான் ஒற்றைக்காலில் உத்தியோகம் பார்த்தன. வேலி தாண்டக் கூடாதாம்.

வெறுங்கையோடு திரும்ப வெட்கம். பாரிஸ் வந்ததும் கல்லுப்புப் பாக்கெட் ஒன்று வாங்கி, துணிப்பையில் கொட்டி, என் சப்பாத்துக்குள் கிடந்த ழியான் மணலையும் கொஞ்சம் தூவி, அண்ணையிடம் கொடுத்தேன்.

ஒரு கல்லை நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார்.

"மணல் அங்கத்தைய மணல்தான். உப்பு அங்கத்தையது இல்லை. வெயில் கண்ட உப்பு கையிலை பிசுபிசுக்கும். உண்மையைச் சொல்லு."

பூநாரை முதல் பாக்கெட் வரை ஒப்புக்கொண்டேன்.

"பொய் சொன்னது பரவாயில்லை. கவிதை எழுதிறனி, வேறை என்ன செய்வாய்?" வாசலால் எதிரே இருந்த போட்டிக்கடையை எட்டிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "ஆனா, உந்த உப்பை முன்கடையிலையே வாங்கினனீ?"

ஓம் என்றேன்.

அதற்குப் பின் இரண்டு கிழமை, நான் அண்ணையின் கடைக்குப் போகும்போதெல்லாம் எனக்கு மட்டும் கறிவேப்பிலை முடிந்துபோயிருந்தது.