குட்டியானையும் மல்லிகாவின் தொண்டையும்

கார் ஆடியோ வேலை செய்கிறவனுக்குச் சத்தம் வந்தாலும் திட்டு, வராவிட்டாலும் திட்டு. ஒயரைக் கடித்து உரித்தே பல்லைக் கெடுத்துக்கொண்ட சக பாவிகளே, கிருமாம்பாக்கத்தில் கடலூர் ரோட்டின் மேலேயே கடை வைத்திருக்கும் நான் ஒரே ஒரு வண்டியிடம் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

கறுப்பு ஒயர்

மணப்பட்டு செல்வராஜ், குட்டியானை லோடு வண்டியில் ஊர் ஊராக மீன் விற்கிறவர். அவர் வண்டி ஓட்ட, மனைவி மல்லிகா பின்னால் நின்று கூவுவார். இரண்டு தெரு தள்ளி இருக்கிறவர்கள் புளி கரைக்க ஆரம்பித்துவிடுவார்கள், அப்படி ஒரு தொண்டை. அந்தத் தொண்டையில் இப்போது சின்னதாக ஒரு கட்டி. இனிமேல் கத்தினால் ஆபரேஷன்தான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் மல்லிகா ஒரே ஒருமுறை சன்னமாகப் பேசி, போனில் பதிந்துகொண்டு வந்திருந்தார். அதைத் தெருவுக்கே கேட்கும்படி செய்வது என் பொறுப்பு.

நாலு சேனல் ஆம்ப்ளிஃபயர். கூரைமேல் இரண்டு ஸ்பீக்கர் மீனுக்கு, கதவில் இரண்டு செல்வராஜின் பாட்டுக்கு. ஒயரை அவரே வாங்கி வந்திருந்தார். வழக்கமாக ஸ்பீக்கர் ஒயரில் ஒரு பக்கம் கோடு இருக்கும், ப்ளஸ் எது மைனஸ் எது என்று தெரிந்துவிடும். இதில் எல்லாமே கறுப்பு. மாட்டிப் போட்டால் மல்லிகாவின் குரல் மெலிந்துபோய், டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல வருகிறது. கூரையில் ஒரு ஸ்பீக்கருக்கு ஒயர் மாறிவிட்டது. ஒன்று காற்றைத் தள்ளும்போது இன்னொன்று இழுக்கிறது, இரண்டுமாகச் சேர்ந்து குரலைத் தின்றுவிட்டன. கடைச் சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றி ஒயர் முனைகளில் தொட்டுப் பார்த்தேன். ஸ்பீக்கர் காகிதம் வெளியே துள்ளினால் சரி, உள்ளே போனால் தப்பு. தப்பானதை மாற்றினேன். குரல் கணீரென்று எழுந்ததும் செல்வராஜ் இரண்டடி பின்னால் போனார். "இப்பதான்பா எம் பொண்டாட்டி. எனுக்கே பயமா இருக்குது!"

விசில்

இஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் குரலோடு ஒரு விசிலும் சேர்ந்துகொண்டது. ஆக்சிலேட்டரை மிதித்தால் விசிலும் ஏறுகிறது. இதைக் கேட்காதவர் நம் தொழிலில் உண்டா? எர்த் ஒயரை வண்டித் தகட்டில் முறுக்கிய இடத்தில் பெயிண்ட், அதற்கடியில் மீன் தண்ணீர் சொட்டிச் சொட்டி வந்த துரு. தகடு பளபளக்கிற வரை சுரண்டினால்தான் விசில் போகும். நான் உப்புத்தாளை எடுத்ததும், போன வாரம்தான் பெயிண்ட் அடித்ததாகச் சொல்லி செல்வராஜ் குறுக்கே வந்து நின்றார். மல்லிகா முறைத்த பிறகுதான் நகர்ந்தார். சுரண்டினேன், விசிலும் ஒழிந்தது. ஆனால் நகர்வதற்கு முன்னால் அந்த மனிதர் சொன்னதை நான் மறக்கமாட்டேன். "விசிலு இருந்துட்டுப் போவுதுபா. குக்கருன்னு நெனச்சாவது நாலு பேரு வெளிய வருவாங்க!"

எலுமிச்சம்பழம்

மறுநாள் காலை பாகூரிலிருந்து செல்வராஜின் போன். ஆம்ப்ளிஃபயரில் சிவப்பு லைட் எரிகிறது, சத்தமே இல்லை, ஐஸ் உருகுகிறது, மல்லிகா தானே கூவுகிறேன் என்கிறார். பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தேன். நான் மாட்டிய ஒவ்வொரு முனையையும் வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனேன். போய்ச் சேர்ந்தபோது மல்லிகா வண்டியின் பின்னால் ஏறி நின்று மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். "வாணாங்கா, ரெண்டே நிமிஷம்!" என்று நான்தான் கத்தினேன்.

சீட்டுக்குப் பின்னால் இருந்த ஆம்ப்ளிஃபயரை எட்டிப் பார்த்தேன். புது ஆம்ப்ளிஃபயருக்குத் திருஷ்டி படக்கூடாதாம். காலையில் பூசை போட்டு, எலுமிச்சம்பழத்தையும் பச்சைமிளகாயையும் கட்டுக்கம்பியில் கோத்து, கட்ட வேறு இடம் கிடைக்காமல் ஸ்பீக்கர் ஒயர் மாட்டிய திருகிலேயே சுற்றியிருக்கிறார் செல்வராஜ். கம்பியின் நுனி பக்கத்துத் திருகையும் தொட்டுக்கொண்டிருந்தது. ப்ளஸ்ஸும் மைனஸும் இப்படி ஒட்டிக்கொண்டால் ஆம்ப்ளிஃபயர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வாயை மூடிக்கொள்ளும், சிவப்பு லைட் அதற்குத்தான். அதற்குள் உள்ளே ஏதாவது புகைந்திருந்தால்? ஆஃப் செய்து, கம்பியை வெட்டி எடுத்துவிட்டு, மறுபடி ஆன் செய்தேன்.

பச்சை லைட். கூரையிலிருந்து "வஞ்சிரம், சங்கரா, நெத்திலி" என்று தெருவே அதிர்ந்தது. இழுத்த மூச்சை மல்லிகா மெதுவாக விட்டார். எனக்கு அப்பாடா என்று அங்கேயே உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. எதிர்வீட்டு அம்மா சட்டியோடு வெளியே வந்து, மல்லிகாவையும் வண்டியின் கூரையையும் மாறிமாறிப் பார்த்தார். "இன்னாடி மல்லிகா, வாயத் தொறக்காமலே ஊரக் கூட்டுற?"

திருஷ்டிப் பழத்தை பம்பரில் கட்டுங்கள், கூரையில் கட்டுங்கள், வேண்டுமானால் என் கழுத்திலேயே கட்டுங்கள், ஆம்ப்ளிஃபயரை மட்டும் விட்டுவிடுங்கள் என்று கும்பிட்ட பிறகுதான் இப்போதெல்லாம் நான் வண்டிச் சாவியைக் கொடுக்கிறேன்.