பூட்டி வைத்த தீப்பெட்டி

காப்பிக்கு முதலில் வேண்டியது நல்ல தண்ணீர். சிவகாசிப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரில் போட்டால் எவ்வளவு உயர்ந்த கொட்டையானாலும் நாக்கில் கரிப்புத்தான் நிற்கும். என் மனைவி குடிதண்ணீரில் ஒரு செம்பு எடுத்துத் தனியாக மூடி வைத்துவிடுவாள். அது காப்பிக்கு. மற்றக் காரியங்களுக்கு மிச்சத் தண்ணீர்தான்.

அவள் காலமான பிறகு நானே போட்டுக்கொள்கிறேன். ஃபில்டரில் தூளைப் போட்டு, அழுத்தாமல் ஒரு தட்டுத் தட்டி, கொதித்த தண்ணீரைச் சுற்றிலும் ஊற்றி மூடிவிட்டு உட்கார்ந்திருப்பேன். டிக்காஷன் இறங்கும்வரை வீட்டில் வேறு சத்தம் கிடையாது. கீழே விழும் சொட்டுகள்கூடக் கேட்கும். அந்த நேரத்தில்தான் இந்த நினைப்பு வரும். யாரிடமும் சொன்னதில்லை.

அறுபதுகளின் தொடக்கம். நான் ரசாயனம் படித்துவிட்டு, சிவகாசியை அடுத்த நாரணாபுரத்துப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்துக் கலவையைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தேன். ஊருக்கு வெளியே, கம்பெனி கொடுத்த வீடு. மின்சாரம் வந்திருக்கவில்லை. கடை கண்ணிக்கு வெகுதூரம் நடக்க வேண்டும். என் மனைவி விருதுநகர்க்காரி. அவள் அப்பா அங்கே ஒரு காப்பிக்கொட்டை மண்டியில் வறுப்புப் பார்க்கிறவர். மத்தியானத் தூக்கம் கலைந்ததும் ஒரு டம்ளர் காப்பி என்பது அவள் பிறந்த வீட்டில் சோறு மாதிரி. கல்யாணமாகி வந்த பிறகும் அந்த ஒரு பழக்கத்தை மட்டும் அவள் விடவில்லை. நாள் முழுக்கத் தனியாக இருக்கிற பெண்ணுக்கு அது துணையாகவும் இருந்திருக்கும்.

ஒரு சீசனில் எங்கள் கலவை ஷெட் ஒன்று தீப்பிடித்தது. காலையில் என்னோடு பேசிக்கொண்டிருந்தவரை மாலையில் வாழையிலையில் கிடத்தியிருந்ததைப் பார்த்தேன். அதன் பிறகு நெருப்பு என்றாலே எனக்குப் பயம். என் வேட்டியில், தலைமுடியில் மருந்துத்தூள் ஒட்டியிருக்கும், வீட்டில் எங்கோ உதிர்ந்திருக்கும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. மறு வாரம் தீப்பெட்டியை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். காலையில் நானே அடுப்பைப் பற்றவைப்பேன். அவள் காப்பியும் சமையலும் முடித்ததும், கங்குகளில் தண்ணீர் தெளித்து அணைத்துவிட்டு, சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டு கம்பெனிக்குப் போவேன். பக்கத்து வீட்டில் கங்கு வாங்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டேன்.

முதலில் அவள் நம்பவில்லை. சிரித்தாள்.

"தீப்பெட்டி ஆபீசு ஊருக்கு வாக்கப்பட்டு வந்து, ஒரு குச்சிக்கு ஒங்க கையப் பாக்கணுமாக்கும்."

நான் சிரிக்கவில்லை. மத்தியானக் காப்பி வேண்டுமென்றால் காலையிலேயே சேர்த்துக் குடித்துக்கொள் என்றேன். எனக்கு முதல் டிக்காஷனில் காப்பி கலந்து கொடுத்துவிட்டு, அதே தூளில் இறங்கும் இரண்டாம் டிக்காஷனை அவள் மூடி வைத்துக்கொள்வாள். மத்தியானம் அதைச் சூடில்லாமல் குடிப்பாள். டம்ளரின் அடியில் பாலாடை ஒட்டிக் காய்ந்திருப்பதைச் சாயங்காலங்களில் பார்த்திருக்கிறேன். பார்த்தும் கேட்கவில்லை.

பயம் என்று சொன்னேன். பாதி உண்மை. நாளாக நாளாகப் பயம் குறைந்துதான் போனது. ஆனால் நான் வந்து திறந்தால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரியும் என்பது எனக்குப் பிடித்திருந்தது. கம்பெனியில் பத்துப் பேருக்குக் கையைக் கட்டி நிற்கிறவனுக்கு வீட்டில் ஒரு சாவி இருந்தது.

அந்த வருஷம் தீபாவளிக்கு முந்தைய நாட்களில் வடக்கே போகிற லோடு ஏற்றிக்கொண்டிருந்தோம். வெள்ளிக்கிழமை. லாரி கிளம்பி நான் வீடு வந்து சேர இருட்டிவிட்டது. வாசலில் செருப்புக் கிடந்தது. உள்ளே விளக்கில்லை. இருட்டுக்குள் வறுத்த காப்பிக்கொட்டை வாசனை நிறைந்திருந்தது.

மாமனார் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். மத்தியான பஸ்ஸிலேயே வந்துவிட்டாராம். அன்று காலையில் வறுத்து, ஆறவைத்து, அரைத்த தூளை மகளுக்கென்று பொட்டலம் கட்டிக்கொண்டு வந்திருந்தார். பொட்டலம் பிரிக்காமல் அவர் பக்கத்திலேயே இருந்தது. மகள் கையால் ஒரு டம்ளர் குடித்துவிட்டுப் போகலாம் என்று வந்த மனிதர்.

"வாங்க மாப்ளை. ரொம்ப நேரமாயிருச்சு போல."

நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. என்ன செய்தேன் என்பது நன்றாக நினைவிருக்கிறது. அரைஞாணில் இருந்த சாவியை எடுத்து, அலமாரியைத் தடவித் திறந்து, தீப்பெட்டியை எடுத்து விளக்கை ஏற்றினேன். வெளிச்சம் வந்ததும் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. சாவியைப் பார்த்தார். பிறகு பூட்டைப் பார்த்தார்.

அவள் அவசரமாக அடுப்பில் கரியை அள்ளிப் போட்டாள். பதினைந்து நிமிஷம் பொறுங்கள், காப்பி ஆகிவிடும் என்றாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"கடைசி பஸ் போயிரும் தாயி."

வாசல்வரை நான் கூடப் போனேன். செருப்பை மாட்டிக்கொண்டு, மெதுவாகத்தான் சொன்னார்:

"எம் மகளுக்கு நல்லாக் காப்பி போடத் தெரியும் மாப்ளை. தீயையும் பாத்துக்கிடத் தெரியும்."

அவர் இருட்டில் நடந்து போனார். வழிக்கு விளக்குக் கொண்டுவருகிறேன் என்றுகூட எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. வெகுநேரம் வாசலிலேயே நின்றுவிட்டு உள்ளே வந்தபோது டிக்காஷன் இறங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவு நல்ல தூளில் அன்று போட்ட காப்பியை நான்தான் குடித்தேன்.

மறுநாள் அலமாரியைப் பூட்டாமல், சாவியை அதிலேயே விட்டுவிட்டுக் கம்பெனிக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரிந்த வழி அதுதான். சாயங்காலம் வந்தபோது அலமாரி பூட்டியிருந்தது. சாவியை என் உள்ளங்கையில் வைத்தாள்.

"நீங்களே வச்சுக்கிடுங்க."

எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. தினமும் காலையில் சமையல் முடிந்ததும் அவளே அடுப்பை அணைத்தாள், அவளே தீப்பெட்டியை உள்ளே வைத்துப் பூட்டினாள், சாவியை என்னிடம் கொடுத்தாள். வீட்டுக்கு மின்சாரம் வந்தது, குழந்தைகள் பிறந்தார்கள், அந்த வழக்கம் நிற்கவில்லை. மத்தியானக் காப்பியை ஒரேயடியாக விட்டுவிட்டாள். அவள் அப்பா அதன் பிறகு எங்கள் வீட்டுப் படியேறவில்லை. தூள் மட்டும் பஸ் கண்டக்டர் கையில் வந்துகொண்டிருந்தது. அவர் காலமான வருஷம் அதுவும் நின்றது.

நாங்கள் இருவரும் கிழமான பிறகு, கேஸ் அடுப்பும் லைட்டரும் வந்துவிட்ட காலத்தில், ஒரு காலை காப்பியை ஆற்றிக்கொண்டே அவளாகச் சொன்னாள். நான் கேட்கவில்லை.

"அன்னைக்கு அப்பா காப்பி கேட்கலை. பால் திரிஞ்சுபோச்சுன்னேன், சரின்னுட்டாக. பொழுது சாயவும், வெள்ளிக்கெழம வெளக்கு ஏத்தலையா தாயின்னு கேட்டாக. மறந்துட்டேன்னு சொன்னேன். ஒங்கள விட்டுக்குடுக்க மனசு வரலை. மறந்துட்டேன்னு சொல்லிட்டு எந்திரிக்காம உக்காந்திருந்தேன். அப்புறம் நீங்க வந்து சாவிய எடுத்தீக."

நான் டம்ளரை வாங்கிக்கொண்டேன். சொல்ல வேண்டியதை அப்போது சொல்லியிருக்கலாம். காப்பி நன்றாக இருக்கிறது என்றேன்.

இப்போது மத்தியானமும் போடுகிறேன். எனக்கு அந்த நேரத்துக் காப்பி பழக்கமில்லை. இருந்தாலும் அடுப்பை ஏற்றி, அவள் செய்வது போலத் தனியாக மூடி வைத்த தண்ணீரைக் கொதிக்கவைத்து, சூடாகவே ஒரு டம்ளர் கலந்து வைக்கிறேன். ஆறும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.