பிசெனிலிருந்து வந்த கோப்பை

செஃப் அந்தக் கோப்பையை இரண்டு கைகளாலும் தூக்கி மூக்கருகே கொண்டுபோனபோதே, என் வேலை போய்விட்டது என்று முடிவு செய்துவிட்டேன். இரண்டாயிரத்துகளின் நடுப்பகுதி அது. ஜெர்மனியில் பதினொரு வருடம் இருந்துவிட்டு, மனைவியையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு லண்டனுக்கு வந்து எட்மண்டனில் குடியேறியிருந்தேன். கிடைத்த முதல் வேலை, நகரத்தின் நடுவிலிருந்த சின்ன ஜப்பானிய உணவகம் ஒன்றில் கோப்பை கழுவுவது. எங்கள் இலங்கைத் தமிழ்ப் பேச்சில் கோப்பை என்றால் சாப்பிடும் தட்டு. ஐரோப்பாவுக்கு வந்த எங்கள் ஆட்களில் பலபேர் அதைக் கழுவித்தான் காலூன்றினார்கள். அதில் நான் கெட்டிக்காரன் என்ற திமிரும் எனக்கு இருந்தது.

அந்தத் திமிர்தான் வினையாகியது. உணவகத்தை நடத்திய செஃப் ஒரு பெண், என்னைவிட நாலைந்து வயது இளையவர், சத்தம்போட்டுப் பேசத் தெரியாதவர். ஜப்பானில் பிசென் என்ற நகரத்தில் பிறந்தவர். மண்பாண்டத்துக்குப் பேர்போன இடம் அது என்பது எனக்கு அப்போது தெரியாது. அங்கிருந்து கொண்டுவந்த பெரிய கோப்பை ஒன்றைத் துணியில் சுற்றி மேல்தட்டில் வைத்திருந்தார். அதைக் கழுவுவதும் அவரே. ஒரு நாள் காலை அதை இறக்கி வைத்துவிட்டு மீன் வாங்கப் போயிருந்தார். முதன்முதலாக அதைக் கிட்ட நின்று பார்த்தேன். பளபளப்பே இல்லாத வெளிறிய மண். அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாகச் சிவப்புக் கோடுகள், காய்ந்துபோன குழம்பைப்போல. பாவம் இந்த மனுஷி, இதை எத்தனை காலமாகத் தேய்த்துத் தோற்றிருக்கிறாரோ என்று உண்மையாகவே இரக்கப்பட்டேன். அடிப்பிடித்த சட்டிகளுக்குப் போடும் கம்பித் தும்பால் தேய்த்தேன். பிறகு பிளீச்சைத் தாராளமாக ஊற்றி இரண்டு மணித்தியாலம் ஊறவைத்தேன். சிவப்பு அப்படியே இருந்தது.

என்னோடு குசினியில் வேலைசெய்த, மரக்கறி வெட்டிக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்து அண்ணை எட்டிப் பார்த்துத் தலையில் கைவைத்தார். "அது கறை இல்லையடாப்பா, அதுதான் அந்தக் கோப்பையின்ர வடிவே. அதைச் செய்த மனிசன் மூண்டு நாளில பிசெனில இருந்து வாறார். அவருக்கு இதிலதான் சாப்பாடு குடுக்கப் போறா." அவசரமாக வெளியே எடுத்துக் கழுவினோம். கோடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மெருகு பூசாத அந்த மண் பிளீச்சைக் குடித்துவிட்டிருந்தது. நீச்சல் குளத்தின் மணம்.

மீனோடு திரும்பி வந்த செஃப் முகர்ந்து பார்த்தார். ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். ஒரு பாத்திரம் நிறையத் தண்ணீர் எடுத்து அதற்குள் கோப்பையைப் படுக்கவைத்தார். பிறகு, அவருடைய உடைந்த ஆங்கிலத்தில் என்னுடைய உடைந்த ஆங்கிலத்துக்கு விளங்கும்படி சொன்னார். அந்த மண் நெல் வயலுக்கு அடியில் தோண்டி எடுப்பது. சூளையில் கோப்பைகள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க வைக்கோல் சுற்றி வைப்பார்கள். பத்து நாளுக்கு மேலாகப் பைன் விறகு எரியும். வைக்கோல் எரிந்துபோகும், அது தொட்ட இடம் மட்டும் சிவக்கும். அந்தக் கோட்டை ஒருவரும் கீறுவதில்லை. சூளை திறக்கும்வரை அது எப்படி விழுந்திருக்கிறது என்று செய்தவருக்கே தெரியாது.

வைக்கோல் என்றால் மாடு தின்பது என்று மட்டும் தெரிந்தவன் நான். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. தண்ணீருக்கடியில் கிடந்த அந்தக் கோடுகளைப் பார்க்கப் பார்க்க, என் பயம்கூட இரண்டாம் பட்சமாகிவிட்டது. இப்படி ஒன்றையா கம்பித் தும்பால் தேய்த்தேன் என்று வெட்கமாக இருந்தது.

ஒவ்வொரு மணித்தியாலமும் தண்ணீரை மாற்றச் சொன்னார். மாற்றினேன், முகர்ந்தேன், மாற்றினேன். மூன்றாம் நாள் குயவர் வரும் நேரமும் வந்தது. அன்றைக்கென்று செஃபுக்குக் கடும் தடிமன், மூக்கு அடைத்துவிட்டது. மணம் போய்விட்டதா என்று என்னிடம்தான் கேட்டார். அண்ணை கத்தியை நிறுத்தாமலே தமிழில் முணுமுணுத்தார். "போயிட்டுது எண்டு சொல்லு. அவவுக்குத் தெரியாது. பிள்ளையளை நினை."

பிள்ளைகளை நினைத்தேன். கோப்பையையும் முகர்ந்தேன். மெல்லிசாக, ஆனால் இருந்தது. இன்னும் இருக்கிறது, செஃப் என்றேன். அவர் அதைத் திரும்பவும் தண்ணீருக்குள் வைத்தார். பிறகு சாதாரண வெள்ளைக் கோப்பை ஒன்றை எடுத்தார். தன் கோப்பையைப் பார்க்கப் பிசெனிலிருந்து வந்த மனிதர், லண்டனில் எந்தக் கடையிலும் வாங்கக்கூடிய ஒரு கோப்பையில் மீன் சாப்பிட்டுவிட்டுப் போனார். செஃப் அவருக்குமுன் வெகுநேரம் தலைகுனிந்து நின்றதைக் குசினி வாசலிலிருந்து பார்த்தேன். நாளைக்கு வரவேண்டாம் என்று சொல்வார் என நினைத்தேன். நாளைக்கும் தண்ணீரை மாற்று என்றார்.

இரண்டு கிழமைக்கும் மேல் மாற்றினேன். ஒரு நாள் மணம் இல்லை. சொன்னேன். செஃப் வந்து, தடிமன் மாறிய மூக்கால் முகர்ந்து, தலையசைத்தார். இனி அடுத்த பெரிய விருந்தாளிக்காக மேல்தட்டுக்குப் போகும் என்றுதான் எதிர்பார்த்தேன். அன்று மத்தியானம் வேலையாட்கள் சாப்பிட இருந்தபோது, அந்தக் கோப்பையில் சோறும் சுட்ட மீனும் வைத்துக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். அண்ணையின் வாய் திறந்தபடியே இருந்தது. ஈரத்தில் கோடுகள் அப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கியதுபோல் சிவந்திருந்தன. சோறு குறையக் குறைய ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அவசரப்படாமல் சாப்பிட்டேன். வாழ்க்கையில் அப்படி ஒரு சாப்பாடு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

சாப்பிட்டு முடித்துப் பழக்கதோஷத்தில் கழுவப் போனேன். செஃப் என் கையிலிருந்து அதை வாங்கினார். சட்டைக் கையை மடித்துவிட்டு, வெறும் தண்ணீரில், உள்ளங்கையால் மெதுவாகக் கழுவினார். என்னை நம்பாமல் வாங்கினாரா, மதித்து வாங்கினாரா என்று அண்ணை பல நாள் என்னைச் சீண்டினார். எனக்கு இரண்டும் சரியாகத்தான் பட்டது.

இப்போது இல்ஃபோர்டில் சொந்தமாகச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். எங்களிடம் கோப்பை கழுவுகிறவர் மத்தியானம் சாப்பிட்டு எழும்பினால், அவருடைய கோப்பையை வாங்கி நான்தான் கழுவுகிறேன். புதிதாக வந்தவர்கள் கூச்சப்பட்டு விடாமல் இழுத்துப் பிடிப்பார்கள். நானும் விடுவதில்லை.