தம்பி தேர்ந்தெடுத்த பிரேக்

தோசைக்கல்லுக்கு முன்னால் நின்றிருந்தேன். என் மூக்குக்கு நேராகத் தம்பி போனை நீட்டினான். திரையில் இரண்டு படங்கள். சைக்கிள் சக்கரத்தின் நடுவே ஓட்டை ஓட்டையாக ஒரு வட்டத் தகடு, அதைக் கவ்விப் பிடிக்க ஒரு கிடுக்கி. எனக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. "யக்கா, இது ஒயரு இழுத்து புடிக்கறது. இது எண்ணெயில வேல செய்யறது. எத்த வாங்கட்டும்?" என்றான். அவனை அடுப்படியிலிருந்து கிளப்பினால் போதும் என்று, கையிலிருந்த கரண்டியால் ஒரு படத்தைக் காட்டினேன். "தோ, இத வாங்கு. இப்ப ஒத்து, தோச தீயுது."

மூன்று மாதமாக இதே பாட்டு. அம்பத்தூரில் வண்டி உதிரி பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் அவனுக்கு வேலை. யாரோ ஓட்டிக் கழித்த மலை சைக்கிள் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து நின்றபோது தெருவே சிரித்தது. நெமிலிச்சேரியில் ஏதடா மலை என்று கேட்டேன். "ஏன், பாலம் கீதே" என்றான், முகத்தைத் துளியும் மாற்றாமல். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் திருவேற்காடு வரை போய்வருவான். பழைய பிரேக்கும் அதே மாதிரித் தகடுதான், தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்று ஆரம்பித்தவன், எதை மாற்றுவது என்று முடிவுக்கே வரவில்லை. பெண் பார்க்கிறவன்கூட இத்தனை யோசிக்க மாட்டான். "பத்துப் பொருத்தமும் பாத்துட்டியாடா?" என்று கேலி செய்வேன். கஞ்சப்பிசினாறி, கையை விட்டுக் காசு போக மனசில்லாமல் நாளைக் கடத்துகிறான் என்று அம்மாவிடமும் அக்கம்பக்கத்திலும் சொல்லிச் சிரித்தேன். என் வாய் அப்படி. அவன் கோபித்துக்கொள்ள மாட்டான். பக்கத்தில் உட்கார்ந்து, பிடியை அழுத்தினால் குழாய்க்குள் எண்ணெய் போய் எப்படித் தள்ளும், கிடுக்கிக்குள் இருக்கும் இரண்டு கட்டைகளும் தகட்டை எப்படி இறுக்கும் என்று விரலால் காட்டி விளக்குவான். "எண்ணெதான் யக்கா அதுக்கு உசுரு" என்று ஒரு நாள் சொன்னான். அவன் சொன்ன அத்தனையிலும் என் மண்டையில் தங்கியது அந்த ஒரு வார்த்தைதான்.

நான் ஏற்றுமதி கம்பெனியில் தையல்காரி. பதினெட்டு வருஷமாக மிஷினோடுதான் பிழைப்பு. மிஷின் கத்தினால் இரண்டு சொட்டு எண்ணெய், அதற்கும் அடங்காவிட்டால் இன்னும் இரண்டு சொட்டு. எனக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான். ஆயுத பூஜைக்கு எங்கள் லைனில் ஒவ்வொருத்தியும் தன் மிஷினைத் துடைத்து, எண்ணெய் விட்டு, கட்பீஸ் துணியால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிப் பொட்டு வைப்போம். அந்த வருஷமும் கம்பெனியில் அதை முடித்துவிட்டு, பூஜையன்று மாலை அம்மா வீட்டுக்குப் போனேன். என் வீடும் அதே தெருதான். தம்பி அவன் கம்பெனி பூஜைக்குப் போயிருந்தான். சைக்கிள் சுவரில் சாய்ந்து கிடந்தது. கழுவி வைப்போம் என்று சக்கரத்தைச் சுற்றிப் பிரேக்கை அழுத்தினேன். கீச்சென்று ஒரே அலறல்.

இன்னும் மாற்றவில்லை பார், கடங்காரன், என்று திட்டிக்கொண்டேதான் போய் என் தையல் மிஷின் எண்ணெய்க் குப்பியை எடுத்துவந்தேன். எண்ணெய்தானே இதற்கு உயிர்? தகட்டின் மேல் முன்னும் பின்னும் நாலைந்து சொட்டு விட்டேன். சக்கரத்தைச் சுற்றினேன், அழுத்தினேன், மறுபடி சுற்றினேன். சத்தம் அடங்கிவிட்டது. வழிந்ததைத் துணியால் துடைத்து, முகம் தெரியும்படி தேய்த்து, சந்தனமும் குங்குமமும் வைத்தேன். பொரிப் பொட்டலத்தோடு வந்த தம்பி, "இன்னாக்கா, ஷோரூம்லேர்ந்து எறங்கின மாதிரி கீது!" என்றான். "புதுசு வாங்கத்தான் உனுக்கு மனசே வரலியே" என்று குத்தினேன். ஏதோ சொல்ல வாயெடுத்தவன், சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டான். அன்றைக்கு அவன் சைக்கிளில் ஏறவில்லை. அம்மா கற்பூரம் காட்ட, எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தைத் தள்ளி நசுக்கியதோடு சரி.

மறுநாள் விஜயதசமி. விடியற்காலையில் கிளம்பிப் போனவன், நெமிலிச்சேரிப் பாலத்து இறக்கத்தில் நிறுத்த முடியாமல் போய்த் தடுப்புச் சுவரில் மோதினான். குறுக்கே வண்டி இல்லை, ஆள் இல்லை. தலையில் ஹெல்மெட் இருந்தது. கைப்பிடி வயிற்றில் குத்தி, உள்ளுக்குள்ளே ரத்தம் கசிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள். படுக்கை அருகே ஓர் ஆளைத்தான் விட்டார்கள், அம்மா இருந்தாள். ரத்தத்துக்கும் மருந்துக்கும் சீட்டைத் தூக்கிக்கொண்டு நான் ஓடினேன். ஒரே ஒரு முறை உள்ளே போனேன். "சாப்டியா யக்கா?" என்று கேட்டான். நீ எழுந்து வா, சேர்ந்து சாப்பிடலாம் என்றேன். அன்று சாயங்காலம் போய்விட்டான்.

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அம்மா ஒன்றையே சொன்னாள். "பிரேக்கு தேஞ்சி போயிருந்திச்சி. மாத்துடா மாத்துடான்னு இவ தலபாடா அடிச்சிகினா. கஞ்சப் பய, கேக்கல." பெற்றவள் இப்படிப் பேசுவாளா என்று முதலில் எனக்குத் திக்கென்றது. பிறகு எனக்கும் அதுவே பழகிவிட்டது. ஏன் என்று யாராவது கேட்டால் சொல்ல ஒரு காரணம் வேண்டியிருந்தது. முதல் வருஷத் திதிக்கு வந்தவர்களிடமும் இரண்டு பேரும் அதையேதான் சொன்னோம்.

போன வாரம் என் மகள், மாமா சைக்கிளைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போகட்டுமா என்று கேட்டாள். முதலில் பிரேக்கை மாற்றாமல் தொடவே கூடாது என்று சொல்லி, ஆவடியில் தம்பி வழக்கமாகப் போகும் சைக்கிள் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். இருப்பதிலேயே நல்ல பிரேக்காகப் போடு, விலையைப் பார்க்காதே என்றேன். மெக்கானிக் குனிந்து பார்த்தான். "இது அண்ணாத்தே வண்டியாச்சே! ஆயுத பூஜைக்கு மொத நாளு நாந்தான யக்கா புது பிரேக்கு மாட்டி உட்டேன். எங்க அக்கா இத்தத்தான் காட்டிச்சின்னு போனுல படத்த வச்சிகினு நின்னாரு. அப்பால ஆளயே காணோமே, நல்லா கீறாரா?"

பழைய பிரேக்தானே கீச்சென்று கத்தியது என்று கேட்டேன். "புதுசுதான் யக்கா கத்தும். நாலு நாள் ஓட்னா பழகிக்கும்" என்றவன், கட்டைகளைக் கழற்றி முகர்ந்து பார்த்தான். "கட்ட தேயவே இல்ல. எவனோ எண்ணெய ஊத்திகீறான் பாரு, ஊறிப் போயிகீது. குழாய்க்குள்ளதான் எண்ணெ இருக்கணும். தகட்டுல ஒரு சொட்டு பட்டாக்கூட புடிக்காது. ஆளையே காலி பண்ணிடும் யக்கா." இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னான், பாவம். அவனுக்கு என்ன தெரியும்? தம்பி இல்லை என்று அவனிடம் சொல்லவில்லை. சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்தேன். நேராக அம்மா வீட்டுக்குப் போனேன்.

அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். காலடியில் விழுந்து எல்லாவற்றையும் கொட்டினேன். அவன் பிரேக்கை மாற்றிவிட்டான் அம்மா, எண்ணெய் போட்டவள் நான், உன் பிள்ளையைக் கொன்றவள் நான் என்று தலையில் அடித்துக்கொண்டேன். அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "எனுக்குத் தெரியும்டி" என்றாள்.

"ஆஸ்பத்திரிலியே சொன்னான். எம்மா, பிரேக்கு வழுக்கறப்பவே தெரிஞ்சிச்சி, அக்கா எண்ணெ போட்டு தொடச்சிகீது, தெரியாம செஞ்சிடிச்சி. யாரு கேட்டாலும் நான் கஞ்சத்தனமா பிரேக்கு மாத்தலன்னு சொல்லிடு. உண்ம தெரிஞ்சா அக்கா உசுரோட இருக்காதுன்னான். எங்கையில அடிச்சி சத்தியம் வாங்கிகினான். அதான் சொல்லிகினு கீறேன்." பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீயும் யாருக்கும் சொல்லாத. அவன் கஞ்சனாவே இருந்துட்டுப் போவட்டும்" என்றாள்.

அம்மா பேச்சை மீறித்தான் இதை எழுதுகிறேன். அவனைக் கஞ்சன் என்று சிரித்த தெருவுக்கும், திதிச் சாப்பாட்டில் உட்கார்ந்து தலையாட்டிய உறவுக்கும் சொல்கிறேன். என் தம்பி பிரேக்கை மாற்றியிருந்தான். நான் காட்டியதையே வாங்கி மாட்டியிருந்தான்.