தொங்கு பாலமும் நனைந்த மணல் மூட்டைகளும்

போன வாரம் ஒரு காலை. பல்கூடத் தேய்க்கவில்லை... போன்.

"மாமா, திண்டிவனம் சைட் வரைக்கும் கொஞ்சம் கூட வர்றீங்களா?"

செல்வம். என் மனைவியின் தம்பி, சிவில் இன்ஜினியர். எதற்கும் துணைக்கு ஆள் கூப்பிடுகிறவன் இல்லை. குரலே சரியில்லை. வெளியே, ராத்திரி முழுக்கப் பெய்த மழை இன்னும் தூறிக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். திண்டிவனம் பக்கத்தில் மரங்கள் அடர்ந்த ஒரு பூங்கா. நடுவே ஓடை. அதைக் கடக்க, நடந்து போகிறவர்களுக்கு மட்டும் ஒரு தொங்கு பாலம். கட்டுவது செல்வம். இதுவரை அவன் கட்டியதெல்லாம் காம்பவுண்ட் சுவரும் வாய்க்கால் பாலமும்தான். அவை தரையை நம்பி நிற்கிற சமாசாரங்கள். இது கம்பியை நம்பித் தொங்குவது! ஒரு மாதமாக அவனுக்குச் சோறும் இறங்கவில்லை, சிரிப்பும் வரவில்லை.

பாலத்தைத் திறப்பதற்கு முன் ஒரு சோதனை உண்டு. பலகை முழுக்க மணல் மூட்டைகளை அடுக்கி, ஒரு நாள் விட்டு, எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பார்கள். மூட்டையை எடுத்ததும் பழைய இடத்துக்கு ஏறி வர வேண்டும். வராவிட்டால்? பாலமும் போச்சு, அவன் பேரும் போச்சு.

செல்வம் கேபிள் சர்ட்டிஃபிகேட்டைப் பார்த்தான். போல்ட்டைப் பார்த்தான். போனில் வானிலையைக்கூடப் பார்த்தான். மறுநாள் சாயங்காலம்தான் மழை என்றது. காலையிலேயே மூட்டைகளை இறக்கிவிடலாம் என்று முடிவு பண்ணினான். ஒன்றை மட்டும் பார்க்கவில்லை — சுவரில் தொங்கும் தினசரி காலண்டரை. அந்த மறுநாள், அமாவாசை!

அமாவாசை என்றால் அவன் ஆட்கள் மொத்தமும் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் இருப்பார்கள். மேஸ்திரி ஏழுமலைதான் முதல் ஆள். சொல்லிவிட்டுப் போகக் கூடாதா என்பீர்கள். நம் பக்கம் அமாவாசைக்கு யாராவது லீவ் லெட்டர் கொடுப்பார்களா?

அன்று முழுக்க விழுப்புரத்தில் ஒரு மீட்டிங்கில் மாட்டிக்கொண்ட செல்வம், மூட்டைகளை இறக்கியிருப்பார்கள் என்றே நினைத்திருக்கிறான். அவை பாலத்தின் மேலேயே கிடந்து மழையில் ஊறியிருக்கின்றன. விடிந்ததும் வாட்ச்மேன் சொல்லித்தான் தெரிந்தது. காய்ந்த மணலின் எடைக்குத்தான் அவன் கணக்குப் போட்டிருந்தான். நனைந்த மணல் என்ன கனம் கனக்கும்!

வழியெல்லாம் ஏழுமலையைத் திட்டிக்கொண்டே வந்தான். கூட்டேரிப்பட்டில் டீ வாங்கிக் கொடுத்தேன். கையில் வைத்தபடியே ஆறவிட்டான்.

பாலம் நின்றுகொண்டுதான் இருந்தது. ஆனால், நடுவில் தொப்பை போட்டது மாதிரி இறங்கியிருந்தது. இதற்குக் கீழே போகவே கூடாது என்று கம்பத்தில் அவன் போட்டிருந்த சிவப்புக் கோட்டையும் தாண்டி, நாலு விரல் கீழே.

ஒன்பது மணிவாக்கில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். நெற்றி நிறையக் குங்குமம், கையில் பிரசாதப் பை. பாலத்தைப் பார்த்ததும் ஏழுமலை முகத்தில் ஈயாடவில்லை.

"அமாவாசைன்னு தனியா வேற சொல்லணுமான்னு நெனச்சிக்கினு போய்ட்டேன் சார். தப்பு என்னுதுதான். நானே ஏறி எறக்குறேன். வேற யாரும் வாணாம்."

வழியெல்லாம் திட்டியவன், இப்போது ஒரு வார்த்தை திட்டவில்லை. "காலண்டரைப் பாக்காதவன் நான்தானே? நானும் வர்றேன்," என்று சேஃப்டி பெல்ட்டை மாட்டிக்கொண்டான்.

ஏழுமலை அந்தக் கரைக்குச் சுற்றிப் போனார். இந்தக் கரையிலிருந்து செல்வம். ஒரே நேரத்தில் ஆளுக்கொரு மூட்டையாகக் கிழித்து, மணலை ஓடையில் கொட்டிக்கொண்டே நடுவை நோக்கி நகர்ந்தார்கள். ஒவ்வொரு மூட்டைக்கும் கேபிள் முனகியது. நான் கும்பிடாத சாமி இல்லை.

மதியம் கடைசி மூட்டையும் போனது. கொஞ்சம் கொஞ்சமாக ஏறி வந்த பலகை, பாரம் ஏற்றுவதற்கு முன் போட்ட வெள்ளைக் கோட்டில் வந்து நின்றது. மயிரிழை பிசகவில்லை!

செல்வம் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டான். எனக்கும் கண் கலங்கியது — சொல்வதற்கு என்ன வெட்கம்? அப்பாடா என்று அப்படி ஒரு மூச்சு விட்டு எத்தனையோ வருஷம் ஆயிற்று. நடந்ததை நடந்தபடியே ரிப்போர்ட்டில் எழுதப் போவதாகச் சொன்னான்.

தெரியாத விஷயத்தையெல்லாம் நாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறோம். ஊருக்கே தெரிந்ததை யார் போய்ப் பார்க்கிறோம், சொல்லுங்கள்?

போல்ட், கிளாம்ப் எல்லாவற்றையும் மறுபடி சோதித்த பிறகு, "மாமா, மொதல்ல நீங்க நடங்க," என்றான். மாட்டேன் என்று சொல்ல முடியுமா? நாலடி வைத்தேன். ஆடியது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

"என்னங்க ஏழுமலை... ஆடுதே?"

"ராத்திரி மலையனூர்ல அங்காளம்மாவையே ஊஞ்சல்ல வச்சி ஆட்டிட்டுத்தான் வர்றோம். நீங்க கொஞ்சம் ஆடுனா என்ன சார்?"

என் பின்னால் வந்த செல்வம் வாய்விட்டுச் சிரித்தான்... அதில் பாலம் இன்னும் கொஞ்சம் ஆடியது.