இழுத்தால் வேகம்

டேனியலின் மகள் விமானத்தை ரிவர்ஸில் எடுத்துவிட்டாளாம், அதனால் படிப்பு போதும் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். மானாம்பதி கூட்டுரோட்டில் இருக்கும் சேட்டுவின் டீக்கடைக்கு இந்தச் செய்தி பால்காரர் வழியாக வந்து சேர்ந்திருந்தது. பால்காரர் அதை எங்கே கறந்தாரோ தெரியாது.

டேனியல் வழக்கம்போல இடது கையால் டீ குடித்துக்கொண்டிருந்தார். வலது கையை எதன் மேலாவது வைத்துக்கொண்டுதான் அவர் நிற்பார். நிறுத்தி வைத்த சைக்கிள், கடை வாசலின் கம்பி, யாருடைய மொபெட்டாவது. வைத்த கை சும்மா இருக்காது. கிடைத்ததைப் பிடித்து மெல்லத் தன் பக்கம் இழுத்துப் பார்க்கும். நெல் அறுக்கும் செயின் வண்டியை இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டிய கை. அந்த வண்டியில் வேகம் கொடுக்கும் லிவர் வலப்பக்கம் இருக்கும். இழுத்தால் வேகம், தள்ளினால் அடங்கும்.

"இன்னாணா, பிரிஸ்கி ப்ளேன ரிவர்ஸ் எடுத்துட்டாளாமே," என்றார் சேட்டு, டம்ளரைக் கழுவிக்கொண்டே. "அதுக்கு ரிவர்ஸ் வேற கீதா?"

"அவ ஓட்றதுக்கு ரிவர்ஸே கெடையாதுபா. யாரு சொன்னா?"

"எல்லாருந்தான் சொல்லிக்கினு கீறாங்க. பொண்ணு வூட்டுக்கு வந்துருச்சா?"

டேனியல் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு நடந்தார். சேட்டு கூப்பிட்டது அவர் காதில் விழவில்லை.

காலனியின் கடைசித் தெருவில் அவருடைய தொகுப்பு வீடு. வாசலில் மார்த்தாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். கணவர் முகத்தைப் பார்த்ததும் முறம் நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமை தோறும் அந்தத் தெருவில் ஏதாவது ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். எதற்காக ஜெபிக்க வேண்டுமோ அதை வாய் திறந்து சொல்லியாக வேண்டும் என்பது முறை. வாய் திறந்து சொன்னது ஞாயிற்றுக்கிழமைக்குள் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடும் என்பதும் கிட்டத்தட்ட முறைதான். டேனியல் ஜெபக்கூட்டத்துக்குப் போவதில்லை. அதனால் தன் வீட்டுச் செய்தி அவருக்குக் கடைசியாக வரும்.

"ஜெபத்துக்குத்தாங்க குடுத்தேன்," என்றார் மார்த்தாள். "உங்களுக்குத் தெரிய வேணாம்னு அவதான் சொன்னா."

"இன்னா ஆச்சு?"

மார்த்தாளுக்கு முழுதாகச் சொல்லத் தெரியவில்லை. வடக்கே, இந்தி பேசும் ஊர் ஒன்றில், அரசாங்கப் படிப்புதவியில் பிரிஸ்கில்லா விமானம் ஓட்டப் படிக்கிறாள். இறங்கும் நேரத்தில் ஓடுதளத்தின் குறுக்கே நாய் ஒன்று வந்திருக்கிறது. "இறங்காதே, மேலே எடு," என்று பக்கத்தில் இருந்த ஆசிரியர் சொல்லியிருக்கிறார். வேகம் கொடுக்க வேண்டிய அந்த நொடியில் அவள் கை பிடியைத் தன் பக்கம் இழுத்துவிட்டது. விமானத்தில் வேகத்துக்குத் தள்ள வேண்டும். இழுத்ததும் இயந்திரம் அடங்கிவிட்டது. ஆசிரியர் பறித்து, தள்ளி, தூக்கியிருக்கிறார். தனியாகப் பறக்க விடுவதாக இருந்ததை நிறுத்திவிட்டார்கள். இனி பெரிய ஆசிரியர் கூட வந்து பார்ப்பார். அவர் எதிரிலும் கை இழுத்தால் வீட்டுக்குத்தான்.

"கை பயக்கம்மான்னு சொன்னா. எந்தப் பயக்கம்னு எனக்குப் புரியல."

டேனியலுக்குப் புரிந்தது. உள்ளறையில் அந்தப் பழக்கம் இரும்பில் நின்றுகொண்டிருந்தது.

முதலில் இருந்தது டிவியில் மாட்டும் கேம் பெட்டி. அறுவடை வண்டியின் முதலாளி சடையப்பனின் மகன் கார்த்திக் வெளிநாடு போனபோது பரணில் போட்டுவிட்டுப் போனது. பிரிஸ்கில்லாவுக்கு விமானப் படிப்புக்கு இடம் கிடைத்து, வகுப்பு தொடங்கும் தேதி மட்டும் தள்ளிக்கொண்டே போன மாதங்களில், "வாங்கினு போடா, உம் பொண்ணுக்கு ஆவும்," என்று சடையப்பனே கொடுத்தார். அதில் விமானம் ஓட்டும் விளையாட்டு ஒன்று இருந்தது. விளையாட்டு என்று சொல்லக் கூடாது என்பாள் பிரிஸ்கில்லா. உள்ளே இருக்கும் முள், விளக்கு, சுவிட்சு எல்லாம் நிஜத்தில் இருப்பவை.

டேனியல் இரண்டு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். மகள் இரண்டு கட்டை விரல்களால் ஒரு விமானத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள். அது அவருக்குப் பொறுக்கவில்லை. "வண்டின்னா கையும் காலும் வேல செய்யணும். இது பீடி சுத்துற மாரி கீது," என்றார். பழைய அறுவடை வண்டியின் சீட் ஒன்று பட்டறையில் கிடந்தது. கழித்துப் போட்ட ஜீப்பின் கிளட்ச், பிரேக் மிதிகளும் கிடைத்தன. லிவரை மட்டும் புதுக் கம்பியில் வளைத்து அவரே பற்றவைத்தார். அதில் மணிக்கட்டில் ஒரு தழும்பு. உத்திரமேரூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் தமிழ்வாணன், ஒவ்வொன்றின் அசைவையும் மின்சாரமாக மாற்றும் சின்னச் சின்னக் கருவிகளைப் பொருத்திக் கொடுத்தான். எல்லாம் சரியாக வந்தது. கேம் பெட்டி மட்டும் ஏற்கவில்லை. அதைச் செய்த கம்பெனி அங்கீகரித்த பொருள் தவிர வேறெதை மாட்டினாலும் அது கண்டுகொள்ளாது.

"இந்தப் பொட்டி ஜாதி பாக்குதுபா," என்றார் டேனியல். "அவங்க ஆளு குடுத்தா வாங்கிக்கும். நாம குடுத்தா மூஞ்ச திருப்பிக்கினு போவுது."

தமிழ்வாணன் சிரித்துவிட்டு, பிறகு சிரித்தது சரியா என்று யோசித்தான். "கம்ப்யூட்டருக்கு மாறிடுணா. அது எத மாட்னாலும் ஏத்துக்கும்."

அப்படித்தான் கம்ப்யூட்டர் வந்தது. காஞ்சிபுரத்தில் மூடிய ஸ்டுடியோ ஒன்றில் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்த பெரிய கறுப்புப் பெட்டி. படத்தை வேகமாகக் காட்டும் பாகம் அதில் ஏற்கெனவே இருந்தது. வந்த முதல் நாள் திறந்தபோது யாரோ ஒரு மணப்பெண் திரையில் உறைந்து நின்றாள். தமிழ்வாணன் அவளை அழித்துவிட்டு விமானத்தை ஏற்றினான். ஒவ்வொரு வயராக மாட்டினான். ஒவ்வொன்றையும் கம்ப்யூட்டர் பேர் கேட்காமல் ஏற்றுக்கொண்டது. அவன் மாட்ட மாட்ட டேனியல் பார்த்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியதைப் பற்றவைத்த புகை என்றார். அன்றைக்கு அவர் எதையும் பற்றவைக்கவில்லை.

"லிவரு எந்தப் பக்கம் ஃபுல்லுணா?" தமிழ்வாணன் கேட்டான்.

"இயுத்தா ஃபுல்லு. வேற எப்டி?"

தமிழ்வாணன் அப்படியே பதிந்தான். அவன் ட்ராக்டரும் ஓட்டியதில்லை, விமானமும் ஓட்டியதில்லை. டேனியல் இரும்பு லிவரை இழுத்தபோது திரைக்குள் இருந்த விமானத்தின் பிடி முன்னால் போயிற்று. அதை அவர் பார்க்கத்தான் பார்த்தார். கண்ணாடியில் இடம் வலமாகத் தெரிவதில்லையா, அதுபோல என்று எடுத்துக்கொண்டார்.

பிரிஸ்கில்லா முதல் நாளே சொன்னாள். "ப்பா, ப்ளேன்ல தள்ளணும்ப்பா."

"வண்டின்னா வண்டிதான். இயுத்தாதான் வேகம். அங்க போனா மாத்திக்கலாம்."

அவள் அப்பாவின் மணிக்கட்டுத் தழும்பைப் பார்த்தாள். நான்கு மாதம் அந்த சீட்டில் உட்கார்ந்து இழுத்தாள். டேனியல் எந்த வண்டியில் ஏறும் முன்னும் ஒரு முறை அதைச் சுற்றி வந்து, தட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவார். இந்த சீட்டையும் சுற்றி வரச் சொன்னார். வந்தாள். விமானப் பள்ளியில் சேர்ந்த வாரம் போன் செய்து, "ப்பா, இங்கயும் அதான் மொத பாடம். ஏர்றதுக்கு முன்னாடி சுத்தி வரணும். நான்தான் கரெக்டா செஞ்சேன்," என்றாள். டேனியல் அதைக் கூட்டுரோட்டில் பல நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

டேனியல் சேட்டு கடையில் அந்தப் பேச்சைக் கேட்ட அன்று சாயந்திரம் தமிழ்வாணன் வந்தான். "ணா, இதுக்குப் போயி பேஜாரா? கம்ப்யூட்டர்ல ஒரு டிக்கு போட்டா போதும். தலகீயா மாறிடும்."

டேனியல் லிவரைக் காட்டினார். "இது என்னப் பாத்து வளஞ்சிக்கினு கீது பாரு. இப்டி வளஞ்சத புடிச்சா கை இயுக்கத்தான் பாக்கும். டிக்கு போட்டா கைக்கு எப்டி தெரியும்?"

லிவரை அறுத்து, வளைவை எதிர்ப்பக்கம் திருப்பி மறுபடி பற்றவைத்தார். டிக்கும் போடச் சொன்னார். பிறகு சீட்டைச் சுற்றி வந்து உட்கார்ந்தார். மகளுக்கு நேர்ந்ததையே தமிழ்வாணனை அமைக்கச் சொன்னார்: இறங்கும் விமானம், கீழே ஓடுதளம், சொன்னவுடன் மேலே எடுக்க வேண்டும். "இப்போ," என்றான் தமிழ்வாணன். டேனியலின் கை இழுத்தது. விமானம் தரையில் மோதித் திரை இருண்டது. மறுபடி. மறுபடியும் இழுத்தது. கை எதைச் செய்யக் கூடாது என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அப்படியும் இழுத்தது.

"என் கையே கேக்க மாட்டேங்குதே," என்றார். "அவ கை எப்டிபா கேக்கும்?"

அன்றிலிருந்து அறுவடை முடிந்து வந்ததும் குளிக்கும் முன்பே உட்கார்ந்தார். வைக்கோல் துகள் உதிர உதிரத் தள்ளிப் பழகினார். மார்த்தாள் சோற்றுத் தட்டைக் கொண்டு வந்து ஸ்டூலில் வைத்துவிட்டு, அவர் மோதும்போதெல்லாம் "ஏசப்பா" என்று மெதுவாகச் சொல்வார். மெல்ல மெல்ல மோதுவது குறைந்தது. ஆனால் வயலில் வண்டி நிற்கத் தொடங்கியது. நவரை நெல் முற்றித் தலை சாய்ந்து நிற்கிற நேரம். ஈரம் விட்ட இடத்தில் வேகம் கொடுக்க வேண்டும்; டேனியலின் கை இப்போது தள்ளியது. வண்டி மூச்சடைத்துச் சேற்றில் அமர்ந்தது. வரப்பில் குடை பிடித்து நின்ற சடையப்பன் ஓடி வந்தார்.

"இன்னாடா டேனியலு, வண்டி ஓட்ட மறந்துட்டியா?"

"மறக்கணும் மொதலாளி," என்றார் டேனியல்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சடையப்பன் சிரிக்கவில்லை.

மகளோடு பேசும்போது டேனியல் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவளும் திறக்கவில்லை. நாஷ்டா ஆச்சா, அங்கே வெயில் எப்படி, ரொட்டி பழகிவிட்டதா என்பதற்கு மேல் பேச்சு நகராது. ஒருவர் மறைப்பது மற்றவருக்குத் தெரியும் என்பதுகூட இருவருக்கும் தெரிந்திருக்கலாம். பெரிய ஆசிரியர் வருவதற்கு முதல் நாள் அவளாகக் கூப்பிட்டாள். நாஷ்டா, வெயில் எல்லாம் முடிந்த பிறகு டேனியல் போனை வைக்கவில்லை.

"பிரிஸ்கி. அந்த லிவர மாத்திட்டேம்மா."

"எந்தப் பக்கம்ப்பா?"

"தள்ற பக்கம்."

"கை மாறிச்சாப்பா உனக்கு?"

"மாறிச்சு. வயல்ல வண்டிதான் நின்னுக்கினே கீது. மொதலாளி திட்றாரு."

அவள் சிரித்தாள். சிரிப்பின் நடுவில் அது வேறொன்றாக மாறுவதற்குள், "நாளைக்கு அவரு திருப்தியானா, அப்டியே எறங்கிக்குவாரு. நான் தனியா ஒரு சுத்து போயிட்டு வரணும். எறங்குனதும் போன் பண்றேன்," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மறுநாள் டேனியல் வண்டியை எடுக்கவில்லை. அறுவடைக் காலத்தில் அவர் அப்படி இருந்ததே இல்லை. வெயில் ஏறியதும் சடையப்பன் தேடிக்கொண்டு வந்தார். காலனிக்குள் அவர் வண்டியை விட்டு இறங்குவது அபூர்வம். இறங்கி, தெரு வேம்பின் நிழலில் நின்று குரல் கொடுத்தார்.

"நெல்லு கொட்டிக்கினு கீது. இவரு வூட்ல ஒக்காந்துகினு ப்ளேன் வுட்றாராம்."

மார்த்தாள் வெளியே போய் ஏதோ சொன்னார். அதன் பிறகு சடையப்பனின் குரல் கேட்கவில்லை. அவர் வண்டி கிளம்பும் சத்தமும் கேட்கவில்லை.

உள்ளே டேனியல் சீட்டைச் சுற்றி வந்து, தட்டிப் பார்த்து, உட்கார்ந்திருந்தார். கம்ப்யூட்டரை அவர் போடவில்லை. இருண்ட திரையில் அவர் முகமும், பின்னால் கதவில் சாய்ந்து நின்ற மார்த்தாளின் முகமும் தெரிந்தன. இரண்டு கால்களும் மிதியில் இருந்தன. வலது கை லிவரில் இருந்தது.

ஸ்டூலில் கிடந்த போன் ஒலித்தது. பிரிஸ்கி என்று ஒளிர்ந்தது.

தரையில் இருக்கிறாள், அவ்வளவு தெரிந்துவிட்டது. மார்த்தாள் "கர்த்தரே" என்று மூச்சு விட்டார். வானத்தில் தனியாக ஒரு சுற்று போய் வந்து இறங்கினாளா, இல்லை பெட்டியைக் கட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பினாளா என்பது இன்னும் அந்த மணிக்குள்ளேயே இருந்தது.

"எடுங்க."

டேனியல் இடது கையைப் போனை நோக்கி நீட்டினார். அது பாதி வழியில் நின்றது. வலது கை லிவரை மெல்ல, கடைசி வரைக்கும், தள்ளியது. தள்ளி அங்கேயே பிடித்துக்கொண்டிருந்தது. போன் அடித்துக்கொண்டே இருந்தது.